ஆயுதமும் ரசீதும்

1

தேர்தல் அறிவிப்பு வந்ததும் எங்கள் பக்கத்தில் லைசென்ஸ் துப்பாக்கிகள் எல்லாம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விடும். புளியங்குடிக்கு மேற்கே மலையடிவாரத்தில் எலுமிச்சைத் தோட்டம் வைத்திருந்த என் பெரியப்பாவிடம் ஒற்றைக் குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. காட்டுப்பன்றியை விரட்ட வாங்கியது. அவர் சுட்டு ஒரு பன்றி செத்ததாக எனக்கு நினைவில்லை. தேர்தலுக்குத் தேர்தல் அதைக் கோணிச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போவார். துப்பாக்கியின் எண்ணைச் சரிபார்த்து ரசீது கொடுப்பார்கள். அதை நான்காக மடித்து, நிலப் பத்திரங்கள் இருக்கும் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டுவார். ஓட்டு எண்ணி முடிந்து துப்பாக்கி திரும்பி வரும்வரை ராத்திரியில் தகர டின்னைத் தட்டித்தான் தோட்டத்துக்குக் காவல். "திருப்பித் தராட்டா என்ன செய்வீய பெரியப்பா?" என்று ஒருமுறை கேட்டேன். "அதாம் சீட்டு தந்திருக்கானுவள்லா, பொறவென்ன" என்றார்.

ஆயுதக் கட்டுப்பாடு பற்றிப் பிற்பாடு படித்த பல விஷயங்களைவிட இந்தப் பதில் காரியத்துக்கு அருகில் இருப்பதாகப் படுகிறது. நம் இலக்கிய உலகில் இந்த விஷயத்தை இரண்டு விதமாகத் தீர்த்துவிடுகிறோம். ஹிரோஷிமா மேல் ஒரு கவிதை எழுதிக் கண்ணைத் துடைத்துக்கொள்வது ஒன்று. எல்லாம் வல்லரசுகளின் நாடகம் என்று ஒரே வரியில் கையைக் கழுவிவிடுவது மற்றொன்று. இரண்டிலுமே ஒரு சௌகரியம் இருக்கிறது: எழுதப்பட்ட காகிதத்தைப் படிக்க வேண்டியதில்லை. யார் ஆயுதத்தைக் கேட்டார்கள், யார் கொடுத்தார்கள், கேட்டவர்கள் பதிலுக்கு என்ன எழுதித் தந்தார்கள், எழுதியதை மீறினால் அவர்களைக் கேட்க யார் இருந்தார்கள் என்ற கேள்விகளை விட்டுவிட்டால் மிஞ்சுவது உபதேசம் மட்டுமே.

இந்தக் கேள்விகளைக் கேட்க ஜெனிவாவுக்குப் போக வேண்டாம். ஆயுதக் களைவு எங்கள் சீமையில் இருநூறு வருஷங்களுக்கு முன்பே நடந்து முடிந்த காரியம்.

2

புளியங்குடியிலிருந்து ராஜபாளையம் போகும் சாலையில் வாசுதேவநல்லூர். சங்கரன்கோவில் பக்கம் போனால் நெல்கட்டும்செவல். வரியாக நெல் கட்ட மறுத்த ஊர் என்ற அர்த்தத்தில் அதை 'நெல்கட்டான் செவல்' என்று மாற்றிச் சொல்வது இங்கே வழக்கம். 1755-ல் நவாபின் அண்ணன் மாபூஸ்கானோடு கர்னல் ஹெரான் படை கொண்டுவந்தபோது பூலித்தேவர் பணியவில்லை. 1761-ல் யூசுப்கான் அவருடைய கோட்டைகளைப் பிடித்தான். 1767-ல் கர்னல் காம்பெல் வாசுதேவநல்லூரை முற்றுகையிட்டார். சங்கரன்கோவிலில் கும்பிட்டுவிட்டுப் பூலித்தேவர் மறைந்துபோனார் என்று ஜனங்கள் சொல்கிறார்கள். சரித்திரத்தில் அவர் முடிவு தெரியாததால் கோவிலுக்குள் வைத்துக் கதையை முடித்திருக்கிறார்கள்.

இதெல்லாம் யுத்தம். ஆயுதக் களைவு அதற்குப் பிறகு வருகிறது. 1799 அக்டோபர் 16-ல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதும் மேஜர் பானர்மன் மற்றப் பாளையக்காரர்களுக்கு உத்தரவு போட்டார்: கோட்டைகளை இடிக்க வேண்டும், ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும். பாஞ்சாலங்குறிச்சி, எழாயிரம்பண்ணை, நாகலாபுரம், கோலார்பட்டி, காடல்குடி, குளத்தூர் என்று ஆறு பாளையங்கள் பறிமுதலாயின. கோட்டைகள் இடிந்தன. கும்பினி நிம்மதியாக மூச்சுவிட்டது.

அந்த நிம்மதி பதினாறு மாதம் நீடித்தது. 1801 பிப்ரவரி 2-ல் ஊமைத்துரையும் கூட்டாளிகளும் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார்கள். ஒரு வாரத்துக்குள் மேஜர் மெக்காலே படையோடு பாஞ்சாலங்குறிச்சிக்குப் போனபோது, தரைமட்டமாக்கப்பட்ட இடத்தில் கோட்டைச் சுவர் திரும்ப நின்றுகொண்டிருந்தது. அதைப் பிடிக்க மே 24 வரை ஆயிற்று. இந்தத் தடவை இடித்ததோடு நிற்காமல் அந்த இடத்தை உழுது ஆமணக்கு விதைத்தார்கள். ஆயுதக் களைவு நிபுணர்கள் இன்றைக்குப் பெரிய வார்த்தைகளில் சொல்கிற ஒரு பாடம் இதில் இருக்கிறது. இடிப்பது சுலபம். இடித்ததைத் திரும்பக் கட்டும் கைகளும் அதற்கான காரணமும் அப்படியே இருந்தால் இடித்ததற்கு அர்த்தம் ஒரு வாரம்.

அக்டோபர் 24-ல் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரிலும், நவம்பர் 16-ல் ஊமைத்துரையைப் பாஞ்சாலங்குறிச்சியிலும் தூக்கிலிட்ட பிறகு, 1801 டிசம்பர் 1-ம் தேதி கவர்னர் எட்வர்டு கிளைவின் பிரகடனம் வந்தது. நான் சொல்ல வந்த காகிதம் இதுதான். தென்சீமைப் பாளையக்காரர்கள், சேர்வைக்காரர்கள், குடிகள் எல்லோரும் ஆயுதம் வைத்திருப்பதையும் உபயோகிப்பதையும் ஒழிப்பது என்று அரசாங்கம் தீர்மானித்துவிட்டது என்று அது சொல்கிறது. கும்பினிப் படை நாட்டைக் காக்கும், இனி உங்களுக்கு ஆயுதம் எதற்கு என்று காரணம் காட்டுகிறது. நடந்துபோனதற்கு மன்னிப்பு அளிக்கிறது. ஜமீன்தாரி முறையில் நிரந்தரமான வரி நிர்ணயம் செய்துதருவதாக வாக்குக் கொடுக்கிறது.

கவனித்துப் படித்தால் இதன் உருவம் உத்தரவின் உருவம் இல்லை, உடன்படிக்கையின் உருவம். ஒரு பக்கம் ஆயுதம். மறு பக்கம் பாதுகாப்பு, மன்னிப்பு, நிலையான வரி. கொடுக்கல் வாங்கல் எல்லாம் இருக்கிறது. கையெழுத்து மட்டும் ஒன்றே ஒன்று. அந்த வருஷம் ஜூலையில்தான் கர்நாடகம் முழுவதையும் கும்பினியிடம் ஒப்படைக்கும் உடன்படிக்கையில் நவாப் அசீம் உத் தௌலா கையெழுத்துப் போட்டிருந்தார். அந்த மேஜையில் பாளையக்காரர்களுக்கு நாற்காலி கிடையாது. அவர்களுடைய ஈட்டியை எண்ணுவதற்குக் கும்பினிக்கு ஆள் இருந்தது. கும்பினியின் பீரங்கியை எண்ணுவதற்கு அவர்களுக்கு யாரும் இல்லை.

கேட்டது துப்பாக்கியை மட்டுமல்ல. கும்பினிப் படையில் இருந்த வெல்ஷ், தனக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது என்று பின்னாளில் எழுதிவைத்தார். கற்றுக்கொண்டவர் கற்றுக்கொடுத்தவருக்கு எதிரான படையில் போனார். வளரி இன்றைக்கு மியூசியத்துக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது.

3

இங்கே ஒரு வீர நாடகத்தைத் தொடங்கிவிடுவது சுலபம். நம் மேடைகள் அதை ஐம்பது வருஷமாகச் செய்துவருகின்றன. அதனால் இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பாளையத்துக் காவல்காரனுக்குக் காவல்வரி கொடுத்தவன் சம்சாரி. கொடுக்காவிட்டால் மாடு காணாமல் போகும் என்று அவனுக்குத் தெரியும். எந்தப் பாளையம் எந்தப் பாளையத்தின் மேல் போனாலும் மிதிபட்டது அவன் வயல். 1881-ல் திருநெல்வேலிச் சரித்திரம் எழுதிய கால்டுவெல் இந்த ஆயுதக் களைவை அமைதியின் தொடக்கமாகவே பார்த்தார். அவர் பாதிரியார், வெள்ளைக்காரர் என்று மட்டும் சொல்லி அதைத் தள்ளிவிட முடியாது. வயலில் நின்று பார்த்தவனுக்கும் அப்படித் தோன்றியிருக்கக்கூடும்.

கேள்வி, வாக்கு என்ன ஆயிற்று என்பது. நிரந்தர வரி நிர்ணயப்படி 1803-ல் பாளையக்காரர்களுக்குச் சன்னது கிடைத்தது. அவர்கள் ஜமீன்தார்கள் ஆனார்கள். அதாவது அவர்களுக்கு ரசீது கிடைத்தது. 1948-ல் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வரும்வரை அது செல்லுபடியாயிற்று. ஆனால் ஈட்டியைக் கையில் பிடித்திருந்தவனுக்கு ரசீது இல்லை. படையும் காவலும் போனபோது அவன் பிழைப்பும் போயிற்று. அவனுக்கு மாற்றாக என்ன வேலை என்று பிரகடனத்தில் ஒரு வரியும் கிடையாது. 1871-ல் வடக்கே கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தை 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டினார்கள். காவல் செய்த ஜாதிகளில் பல ரேகைப் பதிவுக்கும் ராத்திரி ஆஜருக்கும் உள்ளாயின. பாட்டன் ஒப்படைத்த ஆயுதத்துக்குப் பேரனுக்குக் கிடைத்த பதில் அது.

பாதுகாப்பு வாக்கு? 1899 ஜூனில் ஆயிரக்கணக்கானவர்கள் திரண்டு சிவகாசிமேல் பாய்ந்தபோது, நூறு வருஷமாக மற்றவர்களை நிராயுதபாணியாக்கி வைத்திருந்த அரசாங்கம் தாக்கப்பட்ட நாடார்களுக்கு நேரத்துக்குக் கைகொடுக்கவில்லை. அதற்கு முன்பே, 1878-ல், லிட்டன் காலத்து ஆயுதச் சட்டம் லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் வைத்திருப்பதைக் குற்றமாக்கி, வெள்ளைக்காரர்களுக்கு விலக்கு அளித்தது. காந்தி அந்தச் சட்டத்தைப் பிரிட்டிஷ் ஆட்சியின் மிகக் கறுத்த காரியங்களில் ஒன்றாகச் சொன்னார். அஹிம்சாவாதிக்கு அதில் முரண்பாடு தெரியவில்லை. 1931-ல் கராச்சி காங்கிரஸ் நிறைவேற்றிய அடிப்படை உரிமைகளில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் ஒன்று. 1950-ல் அரசியல் சட்டம் வந்தபோது அது காணோம். ஆயுதம் இல்லாமல் அமைதியாகக் கூடும் உரிமைதான் இருந்தது. நாற்காலி மாறியதும் காகிதத்தின் வாசகமும் மாறிவிட்டது. இதைக் குற்றம் என்று சொல்லவில்லை. கேட்கும் இடத்தில் உட்காருகிறவனுக்கு எல்லா ஆயுதமும் அபாயமாகத் தெரிகிறது என்பதைக் குறித்து வைக்கிறேன்.

4

இந்த உள்ளூர் அனுபவத்தை வைத்துக்கொண்டு உலகத்தைப் பார்த்தால் சில விஷயங்கள் எளிதாகின்றன.

1954 மார்ச்சில் பிகினித் தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல் ஜப்பானிய மீனவர்கள்மேல் விழுந்தது. ஏப்ரல் 2-ம் தேதி நேரு பார்லிமெண்டில் சோதனைகளை நிறுத்திவைக்கக் கோரினார். 1962-ல் ராஜாஜி, தன் 83-வது வயதில், அமெரிக்கா போய்க் கென்னடியைச் சந்தித்து அதையே வற்புறுத்தினார். ஆயுதச் சட்டம் வந்த அதே 1878-ல் பிறந்தவர் அவர். மறு வருஷம் மாஸ்கோவில் பகுதிச் சோதனைத் தடை உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. இந்தியா உடனே சேர்ந்துகொண்டது. அது எல்லோருக்கும் ஒரே விதியை வைத்தது: காற்றில், கடலில், விண்ணில் யாரும் வெடிக்கக்கூடாது.

1968-ல் வந்த அணு ஆயுதப் பரவல் தடை உடன்படிக்கை வேறு மாதிரி. 1967 ஜனவரி 1-க்கு முன்னால் வெடித்தவர்கள் வைத்திருக்கலாம், மற்றவர்கள் கூடாது. வைத்திருப்பவர்களும் ஆயுதக் களைவுக்காக நல்லெண்ணத்தோடு பேச்சு நடத்துவார்கள் என்று ஆறாவது ஷரத்தில் எழுதினார்கள். எந்தத் தேதிக்குள் என்று எழுதவில்லை. 1801 டிசம்பர் பிரகடனத்தைப் படித்தவனுக்கு இது பழகிய கையெழுத்தாகத் தெரியும். இந்தியா சேர மறுத்தது. இரண்டு ஜாதி உண்டாக்கும் உடன்படிக்கை என்ற நம் வாதம் நியாயமான வாதம். 1995-ல் அந்த உடன்படிக்கையைக் காலவரையறை இல்லாமல் நீட்டினார்கள். 1996-ல் ஜெனிவாவில் முழுச் சோதனைத் தடை வந்தபோது அருந்ததி கோஷ் இந்தியாவின் சார்பில் மறுத்தார்.

ஆனால் நியாயமான வாதத்தை வைத்து என்ன செய்தோம்? 1988 ஜூனில் ராஜீவ் காந்தி ஐ.நா. சபையில், 2010-க்குள் அணு ஆயுதத்தை உலகத்திலிருந்தே ஒழிக்கும் திட்டத்தைப் படிப்படியாக வைத்தார். வல்லரசுகள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பத்து வருஷம் கழித்து, 1998 மே மாதம், பொக்ரானில் நாமும் வெடித்தோம். முன்னின்றவர்களில் ஒருவர் ராமேஸ்வரத்துக்காரர். மருதுவின் சீமைக்குப் பக்கத்துச் சீமை. அந்த மே மாதம் நம் பத்திரிகைகள் எழுதியதைத் திரும்பப் படிக்க இன்று கூச்சமாக இருக்கிறது. இரண்டு ஜாதி கூடாது என்று முப்பது வருஷம் வாதாடியவர்கள் மேல்ஜாதியில் இடம் கிடைத்ததும் இனிப்பு வழங்கினார்கள்.

5

இதைவிடக் கசப்பான உதாரணம் பாக் ஜலசந்திக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. 1987 ஜூலை 29-ல் கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். சண்டை நின்ற 72 மணி நேரத்துக்குள் போராளிக் குழுக்கள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும். இலங்கை ராணுவம் முகாம்களுக்குத் திரும்ப வேண்டும். ஆயுதம் கொடுக்க வேண்டியவர்களின் கையெழுத்து அதில் இல்லை. 1801 ஜூலையில் நவாப் போட்ட கையெழுத்து எனக்கு நினைவுக்கு வருகிறது. ஆகஸ்ட் 4-ல் சுதுமலையில் பிரபாகரன் கூட்டத்தில் பேசினார்: தமிழர்களின் பாதுகாப்புப் பொறுப்பு இனி இந்தியாவுடையது என்பது அந்தப் பேச்சின் சாரம். மறுநாள் பலாலியில் ஆயுதம் ஒப்படைக்கும் சடங்கு நடந்தது. அக்டோபரில் இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் யுத்தம். 1990 மார்ச்சில் கடைசி இந்தியச் சிப்பாய் கப்பலேறினான். 1991 மே 21-ல் ஸ்ரீபெரும்புதூர்.

1968-ல் நாம் பாளையக்காரனின் வாதத்தைப் பேசினோம். 1987-ல் கும்பினியின் காகிதத்தை எழுதினோம். இதை எழுதும்போது எனக்குச் சந்தோஷம் எதுவும் இல்லை. புலிகள் சமாதானத்துக்குக் காத்திருந்தவர்கள் என்றும் நான் சொல்லவில்லை. ஒப்பந்தத்துக்கு முன்பே, 1986-ல், சக இயக்கமான டெலோவை அழித்தவர்கள் அவர்கள். 1990 ஜூனில் கிழக்கு மாகாணத்தில் ஆயுதத்தைக் கீழே வைத்துச் சரணடைந்த போலீஸ்காரர்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டதும் அவர்கள் கையால். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் ராணுவத்திடம் சரணடையப் போனவர்கள் என்ன ஆனார்கள் என்ற கேள்விக்கு அவர்களுடைய குடும்பங்களுக்குப் பதில் கிடைக்கவில்லை. ஆயுதத்தை வைத்த கைக்கு ரசீது கிடைக்காத ஒவ்வொரு தடவையும், அடுத்து வருகிறவன் ஆயுதத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ள ஒரு காரணம் கூடுகிறது. தோற்றுப்போன ஓர் உடன்படிக்கை அதோடு போவதில்லை. இன்னும் எழுதாத உடன்படிக்கையையும் கெடுத்துவிட்டுத்தான் போகிறது.

6

அப்படியானால் எது நிற்கிறது? 1987 டிசம்பரில் ரேகனும் கோர்பச்சேவும் கையெழுத்திட்ட நடுத்தூர ஏவுகணை உடன்படிக்கையில் 1991-க்குள் 2,692 ஏவுகணைகள் அழிக்கப்பட்டன. ஒருவர் தொழிற்சாலை வாசலில் மற்றவருடைய ஆட்கள் உட்கார்ந்து உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கணக்கெடுத்தார்கள். இருவருக்கும் ஒன்றும் நட்பு கிடையாது. எண்ணுகிறவன் இரண்டு பக்கமும் இருந்தான், அவ்வளவுதான். பிறகு சரிவு. 1972-ல் வந்த ஏவுகணைத் தடுப்பு உடன்படிக்கையிலிருந்து 2002-ல் அமெரிக்கா விலகியது. நடுத்தூர ஏவுகணை உடன்படிக்கை 2019 ஆகஸ்டில் முடிந்தது. நீண்டதூர அணு ஆயுதங்களை ஆளுக்கு 1,550 என்று வரையறுத்த 2010-ம் வருஷத்துப் புதிய ஸ்டார்ட் உடன்படிக்கையை ரஷ்யா 2023-ல் நிறுத்திவைத்தது. அதில் எழுதியிருந்த ஆயுள் 2026 பிப்ரவரி 5 வரைக்கும்தான். இந்தச் சரிவில் கவனிக்க வேண்டியது ஒன்று: குண்டுகளின் எண்ணிக்கை ஏறுவதற்கு முன்பே எண்ணுகிறவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நமக்குப் பக்கத்தில் நின்றுபோகாத காகிதம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி யாரும் கவிதை எழுதியதாகத் தெரியவில்லை. 1988 டிசம்பர் 31-ல் இஸ்லாமாபாத்தில், ராஜீவ் காந்தியும் பேனசிர் புட்டோவும் இருக்க, ஒருவர் அணு நிலையத்தை மற்றவர் தாக்குவதில்லை என்று இந்தியாவும் பாகிஸ்தானும் ஒப்பந்தம் செய்தன. 1991 ஜனவரியில் அது அமலுக்கு வந்தது. அதன்படி ஒவ்வொரு ஜனவரி 1-ம் தேதியும் தங்கள் அணு நிலையங்களின் பட்டியலை இரு அரசாங்கங்களும் பரிமாறிக்கொள்ள வேண்டும். 1992-ல் தொடங்கினார்கள். பொக்ரானும் சாகாயும் வெடித்த பிறகும், கார்கில் நடந்த பிறகும், பார்லிமெண்ட் தாக்கப்பட்டு இரண்டு படைகளும் எல்லையில் முறைத்துக்கொண்டு நின்ற 2002 ஜனவரி 1-லும் பட்டியல் கைமாறியது. 2025 ஜனவரியில் மாறியது 34-வது தடவை. அணுமின் உலைகள் இந்த ஒப்பந்தத்தில் அடங்கும். அதனால் எங்கள் ஜில்லாக்காரர்கள் தலைமேல் இருக்கும் கூடங்குளமும் அடங்கும். அதைக் கட்டுவதற்கு கோர்பச்சேவோடு ஒப்பந்தம் போட்டதும் அதே 1988-ல்தான். எங்களுக்கும் ஒரு பேரழிவுக்கும் நடுவில் இருக்கிற காகிதங்களில் இதுவும் ஒன்று.

இந்த ஒப்பந்தம் ஒரு குண்டைக்கூடக் குறைக்கவில்லை. யாரையும் நல்லவராக்கவில்லை. இரண்டு விரோதிகள் வருஷத்துக்கு ஒருமுறை ஒரே நாளில் ஒரே மாதிரிக் காகிதத்தைக் கொடுத்து ஒரே மாதிரிக் காகிதத்தை வாங்கிக்கொள்கிறார்கள். சங்கரன்கோவிலில் ஒரே உடம்பில் பாதி சிவன், பாதி விஷ்ணு. யார் பெரியவர் என்று சங்கனும் பதுமனும் போட்ட சண்டையை அந்த உருவம் தீர்த்துவைத்ததாகக் கதை. சண்டையில் யாரும் ஜெயிக்கவில்லை என்பதால்தான் தீர்ந்தது. சரிபாதி என்பது பக்தியில் சுலபம், ராஜதந்திரத்தில் அபூர்வம். ஜனவரி 1-ம் தேதிப் பட்டியல் அந்த அபூர்வத்தில் சேரும்.

என் பெரியப்பா எழுபது தாண்டியதும் துப்பாக்கி இனி வேண்டாம் என்று தானாகவே ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வந்தார். யாரும் கேட்கவில்லை, தேர்தலும் இல்லை. அத்தனை தடவை கொடுத்தும் அத்தனை தடவையும் திரும்பி வந்ததால்தான் கடைசியாக ஒருமுறை திரும்பி வராமல் கொடுக்க அவருக்கு மனசு வந்தது என்று நினைக்கிறேன். கிளைவ் பிரபுவின் பிரகடனத்தால் எங்கள் சீமையில் அந்த மனசை உண்டாக்க முடியவில்லை. பயத்தைத்தான் உண்டாக்க முடிந்தது. பெரியப்பா இப்போது இல்லை. தகரப் பெட்டியில் நிலப் பத்திரங்களுக்கு அடியில் அந்தக் கடைசிச் சீட்டு இருக்கிறது. மை மங்கிவிட்டது. துப்பாக்கியின் எண்ணை மட்டும் இன்னும் படிக்க முடிகிறது.